பழைய எழுத்து மேசை: தோலில் செந்தூள், வெள்ளைப் பூப்பு. எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி (ராயபுரம்):
பர்மா தேக்கு மேசை. மேல்பலகையில் பச்சைத் தோல் பதிச்சு, சுத்தி தங்கக்கோடு. தொட்டா விரல்ல செங்கல் நிறத் தூள் ஒட்டுது. சுவரோரம் வெள்ளையா பூத்திருக்கு, ஒரு மூலை எழும்பி நிக்குது. ஈரத்துணியால துடைச்சு தேங்காய் எண்ணெய் தடவச் சொல்றாங்க. செய்யலாமா?

பதில் (மண்ணடி):
ரெண்டும் வேண்டாம் சார். அந்தத் தூள் தோலோட நாரே. பட்டை போட்டுப் பதனிட்ட தோல், காத்துல இருக்கிற கந்தகப் புகையை இழுத்து அமிலமாகி உதிருது. ஆவாரம்பட்டைத் தோல்ல இது அதிகம். கடுக்காய் போட்டுப் பதனிட்ட தோல் கொஞ்சம் தாங்கும். தண்ணி பட்ட இடம் கறுத்து விறைச்சிடும், பழைய நிறம் திரும்பாது. எண்ணெய் உதிர்ற நாரை ஒட்ட வைக்காது. கறுக்கும், தூசி பிடிக்கும்.

வெள்ளைப் பூப்புல ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் தள்ளிப் பிடிச்சுக் காட்டுங்க. உருகி மறைஞ்சா தோல்லேர்ந்து வெளிய வந்த பழைய கொழுப்பு, அப்படியே நின்னா பூஞ்சை.

கேள்வி (ராயபுரம்):
மறையலை அண்ணா. கிட்டப் பார்த்தா நூல் நூலா இருக்கு.

பதில் (மண்ணடி):
அப்போ பூஞ்சை. மாஸ்க் போட்டு, வெளியில வெச்சு மெல்லிய பிரஷ்ஷால தட்டி எடுங்க. மருந்துக்கடையில கிடைக்கிற 70% ஸ்பிரிட் தொடாதீங்க, மீதி 30 தண்ணி.

உதிர்ற நாரை ஒட்ட வைக்கிற கரைசல்: 99% ஐசோபுரோப்பில் ஆல்கஹால் 100 மி.லி., ஹைட்ராக்சிபுரோப்பில் செல்லுலோஸ் பொடி 2 கிராம் ('குளூசெல் ஜி'ங்கிற பேர்ல வரும்). ஆல்கஹாலைக் கலக்கிக்கிட்டே பொடியைத் தூவணும், மொத்தமா கொட்டினா கட்டி கட்டும். மூடி ராத்திரி முழுக்க வெச்சா தெளியும். அடுப்பு, விளக்கு பக்கத்துல கூடாது.

முதல்ல மூலையில கரைசலைப் பஞ்சுமுனையால தொட்டுப் பாருங்க. பச்சைச் சாயமோ தங்கக்கோடோ பஞ்சுல வந்தா நிறுத்திடுங்க. வரலைன்னா மெல்லிசா ஒரு கோட், காய்ஞ்சதும் இன்னொண்ணு. விரல்ல தூள் ஒட்டாம இருந்தாப் போதும்.

பதில் (தண்டையார்பேட்டை):
ஒண்ணு விட்டுப்போச்சு. சுத்தியிருக்கிற மரத்துல அரக்கு பாலிஷ் இருந்தா ஆல்கஹால் அதைக் கரைச்சிடும். மாஸ்கிங் டேப் ஒட்டினா உரிக்கும்போது பாலிஷும் வரும். ஓரத்துல மைலார் ஷீட் (மெல்லிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள்) அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு, பிரஷ்ஷை உள்பக்கமா இழுங்க.

எழும்பின மூலைக்கு அடிப்பக்கமும் அதே கரைசல், ஒரு நாள் காயட்டும். கெட்டியான கோதுமை ஸ்டார்ச் பசையைத் தோல்ல தடவாம மரத்துல மெல்லிசா தடவுங்க. பட்டர் பேப்பர் வெச்சு, பலகையும் பாரமும் ஏத்தி மறுநாள் எடுங்க. ஃபெவிகால் வேண்டாம், நாளைக்குக் கழற்ற வேண்டி வந்தா தோல் கிழியும்.

மேசையைச் சுவர்லேர்ந்து அரை அடி தள்ளிப் போடுங்க. கடலோரம், காத்து ஈரப்பதம் 65% தாண்டியே இருந்தா பூஞ்சை திரும்ப வரும். மழைக்காலத்துல ஃபேன் காத்து மேல்பலகையைத் தொடணும்.