எட்டு மாதக் குழந்தை, நாள் முழுக்க டேகேர்

கேள்வி: காலை எட்டு முதல் மாலை ஆறு வரை மகள் டேகேரில்தான். நேற்று கூப்பிடப் போனால் ஆயாவின் தோளை விட்டு வரமாட்டேன் என்கிறாள். வண்டியில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என்னை மறந்துவிடுவாளா?

பதில் 1: மறக்கமாட்டாள். என் பையனும் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் போனைத் தொடாமல் அவனோடு தரையில் கிடப்பேன், சமையல் அப்புறம்தான். குளிப்பாட்டுவதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

பதில் 2: அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய ஓர் ஆய்வு 1,300க்கும் அதிகமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. டேகேருக்குப் போவதால் மட்டும் தாய்–சேய் பிணைப்பு குலைந்துவிடவில்லை. குழந்தையின் குறிப்பறிந்து அம்மா நடப்பதுதான் முக்கியமாக இருந்தது. ஆயாவிடம் ஒட்டாவிட்டால்தான் நான் பயப்படுவேன்!

கேட்டவர்: சரி, இன்று கையை நீட்டாமல் சும்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். தவழ்ந்து வந்து என் கண்ணாடியைப் பிடுங்கினாள்.