14 கமென்ட் போட்டேன், போஸ்டரில் உயிர் போய்விட்டது

மாணவர் வேலைக்குக் கருத்துச் சொல்வதைப் பற்றி டிசைன் ஆசிரியர்கள் மூவர், ஒருவர் பின் ஒருவராக.

டிஜிட்டல் டிசைன் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த புதிதில் நடந்தது இது. ரத்ததான முகாமுக்கு ஏ3 அளவில் ஒரு போஸ்டர் செய்யச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி கொண்டுவந்ததில் நடுவே பெரிய சிவப்புத் துளி, அதற்குள் கோர்த்த இரண்டு கைகள். சுற்றிலும் வெள்ளை இடத்தைத் தாராளமாக விட்டிருந்தாள். தேதியும் நேரமும் மட்டும் அடியில் ஒரு மூலையில், மெல்லிய எழுத்தில், வெளிர் சாம்பலில்.

அன்று இரவே ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் உட்கார்ந்து 14 கமென்ட் போட்டேன். லோகோ 6 பிக்சல் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது, மூன்று ஃபான்ட் எதற்கு, நிழலை எடுத்துவிடு, துளி ரொம்பப் பெரிது... இப்படியே போனது. பதினோராவது கமென்ட்தான் தேதியைப் பற்றியது. அதில் நான் எழுதியது இவ்வளவுதான்: "இதைக் கொஞ்சம் கவனிக்கவும்."

மறுநாள் பதினான்கையும் திருத்திக்கொண்டு வந்தாள். "நீங்க சொன்னதெல்லாம் பண்ணிட்டேன் மேடம்." உண்மைதான். எல்லாம் கோடு பிடித்தாற்போல நின்றது. துளி சுருங்கி, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு சின்னமாகிவிட்டது. தேதியின் எழுத்தை ஒரு பாயின்ட் கூட்டியிருந்தாள். அப்போதும் படிக்க முடியவில்லை. கவனிக்கச் சொன்னேன், அவளும் கவனித்திருக்கிறாள். என்ன குறை என்று நான் சொல்லவே இல்லையே.

வெர்ஷன் ஹிஸ்டரியில் போய்ப் பழைய வடிவத்தைத் திறக்கச் சொன்னேன். திரையில் பெரிதாக வைத்துவிட்டு, இருவரும் அறையின் கடைசிக்குப் போய் நின்றோம். இது நடந்துபோகிறவர்கள் பார்க்கும் போஸ்டர், மூக்கருகே வைத்துப் பார்ப்பது அல்ல.

"முதல்ல என்ன தெரியுது?"

"துளி மேடம். அப்புறம் கை."

"அப்புறம்?"

கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். "தேதியே தெரியலையே."

ஏன் சாம்பல் என்று கேட்டேன். இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். "சிவப்போட வேற எதுவும் சண்டை போடக் கூடாதுன்னு நினைச்சேன்" என்றாள். நல்ல காரணம். நோக்கம் சரி, அதற்குத் தேர்ந்தெடுத்த வழிதான் பிசகு. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை அளந்து பார்த்தோம்: 999999 என்ற நிறக் குறியீடு கொண்ட சாம்பல், வெள்ளைமீது 2.85:1தான் வருகிறது. இணையப் பக்கங்களை எல்லோராலும் படிக்க முடிய வேண்டும் என்பதற்கான டபிள்யூசிஏஜி விதி, சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கே 3:1 கேட்கிறது. அச்சுக்கு அந்த விதி பொருந்தாது என்றாலும், கண் ஏன் திணறுகிறது என்பதை அந்த எண் அவளுக்குப் புரியவைத்தது.

தீர்வை நான் சொல்லவில்லை. தேதியைக் கருமையாக்கி, மூலையிலிருந்து எடுத்து, துளி முடியும் இடத்துக்கு நேர் கீழே அவளே கொண்டுவந்தாள். துளியிலிருந்து இறங்கும் பார்வை நேராகத் தேதியில் போய் நின்றது. எனக்குத் தோன்றியிருக்காது.

இப்போது முதல் சுற்றில் ஒரு விஷயம்தான் பேசுகிறேன், அதிகம் போனால் இரண்டு. லோகோவின் 6 பிக்சலும் தாளை வெட்டும்போது வெள்ளை தெரியாமலிருக்க ஓரத்தில் கூடுதலாக விடும் 3 மி.மீ. பிளீடும் கடைசிச் சுற்றுக்கு. பாராட்டும்போதும் காரணத்தோடு சொல்கிறேன்: "துளி பெரிசா இருக்கறதாலதான் தூரத்துலயே கண்ணு நிக்குது." அது தெரிந்தால் அடுத்த திருத்தத்தில் அதைத் தவறியும் சுருக்கமாட்டார்கள்.

*

எனக்கு நேர்ந்தது அந்த 14 கமென்ட்டுக்கு நேர்மாறு. நான் படித்தபோது எங்கள் ஆசிரியர் எதைக் காட்டினாலும் "சூப்பர்" என்பார். மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணம்தான். ஒரு விழா அழைப்பிதழைப் பளீரென்ற நீலத்தில் செய்தேன். அதற்கும் சூப்பர். அச்சாகி வந்தபோது நீலம் மங்கி, ஊதா கலந்த ஏதோ ஒரு நிறமாக இருந்தது. திரையில் ஆர்ஜிபியாக, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளியின் கலவையாகத் தெரியும் சில நிறங்கள், அச்சின் நான்கு வண்ண சிஎம்ஒய்கே மையில் வராது என்று யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அவர் ஒரே வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். இன்று என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது, "இது திரைக்கா, அச்சுக்கா?"

*

நான் கமென்ட்கூடப் போடவில்லை, மௌஸையே வாங்கிவிட்டேன். ஒரு மாணவன் தலைப்புத் தமிழ் எழுத்துகளுக்கு இடையே இடைவெளியை இழுத்துவிட்டிருந்தான். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து பிரிந்து கிடந்தது. "தள்ளு தம்பி" என்று சொல்லி இரண்டே நிமிடத்தில் அதைச் சரிசெய்தேன். கை சும்மா இருக்குமா, பின்னணி நிறம், படத்தின் இடம் என்று எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். அழகாகத்தான் வந்தது.

அவன் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் கேட்டான்: "என் வேலையைக் காட்டற போர்ட்ஃபோலியோவுல எதை சார் வைக்கட்டும்?"