ரேடியோ காமெடியிலிருந்து டிவி சிட்காமுக்கு: மாதிரி ஸ்கிரிப்ட் எப்படி?

கேள்வி: ரேடியோவுக்கு மூன்று நிமிடத் துணுக்குகள் எழுதிப் பழக்கம். அரை மணி நேர சிட்காமுக்கு (டிவி நகைச்சுவைத் தொடருக்கு) மாதிரி ஸ்கிரிப்ட் எத்தனை பக்கம் வேண்டும்? ரேடியோ பாணி எங்கே காலை வாரும்?

பதில் 1: அரை மணி என்பது பெயருக்குத்தான். விளம்பரம் போக ஏறக்குறைய 22 நிமிடம். ஒற்றை கேமரா பாணியில், அதாவது சினிமா மாதிரி ஷாட் ஷாட்டாக எடுப்பதில், பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று தோராயக் கணக்கு. பார்வையாளர் முன்னிலையில் பல கேமராவில் எடுப்பதற்கு வசனத்தை இரட்டை இடைவெளியில் அடிப்பார்கள், 45 பக்கம் வரை போகும். எந்த வகை என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

பதில் 2: ரேடியோவில் பார்ப்பதையெல்லாம் வசனம்தான் சொல்ல வேண்டும். "என்னப்பா, ஏணி மேல ஏறிட்ட?" டிவியில் ஏணி கண்ணெதிரே நிற்கிறது, அந்த வரி தண்டம். முதல் திருத்தத்திலேயே வெட்டுங்கள். ரேடியோவில் பேசாத ஆள் காட்சியிலேயே இல்லாத மாதிரி. டிவியில் அவர் முகத்தில்தான் பாதி சிரிப்பே.

ரேடியோ, டிவி இரண்டுக்கும் பொதுவான சிக்கல்: தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து உட்கார்ந்து சிரிப்பை அமுக்கிவிடும். "ஹவுஸ் ஓனர் பூட்டோட வந்திருக்கார்" என்பதைவிட "ஹவுஸ் ஓனர் வந்திருக்கார்... கையில பூட்டோட" நன்றாக விழும். அதற்குப் பின் ஒரு வார்த்தைகூட வேண்டாம், சிரிப்பில் அமுங்கிப் போகும்.

பதில் 3: அனுப்புமுன் நாலு பேரை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாசிக்காதீர்கள், ஏற்ற இறக்கத்தில் ஓட்டையை மறைத்துவிடுவீர்கள். சிரிப்பு விழாத இடத்தில் ஜோக்கை மாற்றுவதற்கு முன் ஒரு பக்கம் பின்னால் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே சொல்ல வேண்டிய தகவல் விட்டுப்போயிருக்கும்.