அறிக்கையைச் சார்ட்டாக மாற்றுவதில் உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். தினமும் நாலு பக்கம் அறிக்கை எழுதுவேன். புது மேலாளர், "இனி ஒரே பக்கம், எல்லாம் சார்ட்டாக வேண்டும்" என்கிறார்.

சரி என்று எக்செல்லில் போட்டேன். 40-ஆம் நம்பர் நூலின் (நம்பர் என்பது நூலின் பருமனைக் குறிப்பது) சராசரி நேர்கோடாக நிற்கிறது. ஆனால் இரவு ஷிப்டில் ஒரே ஒரு ஸ்பின்னிங் பிரேமில் (நூல் நூற்கும் இயந்திரம்) இழை அறுந்துகொண்டே இருந்தது. அந்த மூலையில் ஈரப்பதம் குறைந்ததுதான் காரணம். படத்தில் அது எங்குமே இல்லை. எழுதினால் இரண்டே வரி. இதை விட்டுவிட எனக்கு மனமில்லை.

1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஷூவார்ட் உருவாக்கிய கன்ட்ரோல் சார்ட் (அளவுகள் மேல், கீழ் எல்லைகளுக்குள் இருக்கின்றனவா என்று காட்டும் படம்) போட்டால் எல்லை தாண்டிய புள்ளி தெரியும். ஆனால் காரணத்தை எங்கே எழுதுவது? புள்ளிக்குப் பக்கத்திலேயே குறிப்பு வருகிற மாதிரித் தாள் யாரிடமாவது இருந்தால் அனுப்புங்களேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.