நிபோங் திபாலில் தொலைவுமானி சரிபார்ப்புத் தளம்: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்தில் நில அளவைப் பணி செய்கிறேன். போன மாதம் எங்களுடைய இரண்டு டோட்டல் ஸ்டேஷன்களும் (தொலைவுமானியும் கோணமானியும் சேர்ந்த அளவைக் கருவிகள்) ஒரே எல்லைக்கோட்டை 7 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் காட்டின. எது சரி என்று சொல்ல முடியாமல் நின்றது இன்னும் மனத்தை அறுக்கிறது. அந்தக் கோட்டை நம்பித்தானே ஒருவர் வேலி போடுகிறார்!

நிபோங் திபால் பக்கம் மாமாவின் செம்பனைத் தோட்டத்தில் 600 மீட்டருக்கு நேரான, சமதளமான பாதை இருக்கிறது. எங்கள் சொந்தச் சோதனைக்காக அங்கே 6 கான்கிரீட் தூண்கள் நிறுத்த விரும்புகிறேன். 6 தூண்களுக்கு இடையே 15 தூரங்கள் கிடைக்கும். அவற்றைக் கொண்டு கருவிக்கும் அதன் ஒளிக்கற்றையைத் திருப்பி அனுப்பும் பிரிசத்துக்கும் உரிய மாறிலிப் பிழையை (எந்தத் தூரத்திலும் ஒரே அளவாக வரும் பிழை) பிரித்தெடுக்கலாம். இடைவெளிகள் சமமாக இருந்தால் சுழற்சிப் பிழை (தூரம் மாற மாற ஏறி இறங்கித் திரும்பத் திரும்ப வரும் பிழை) ஒளிந்துகொள்ளும். ஆகவே அவற்றை ஏறுமாறாக வைக்கப்போகிறேன்.

மண்தான் என் பெரிய கவலை. கடலோரக் களிமண், மிகவும் இளகியது. தூண் 2 மில்லிமீட்டர் சாய்ந்தாலும் உழைப்பெல்லாம் வீண். இத்தகைய மண்ணில் தூண் நிறுத்தியவர்கள் இருக்கிறீர்களா? பைலிங் (அடித்தள முளைகள்) எவ்வளவு ஆழம் இறக்கினீர்கள்? எத்தனை மாதம் அமரவிட்டு முதல் அளவை எடுத்தீர்கள்?

இன்னொன்று, ஒளிக்கற்றை கடந்துபோகும் காற்றின் வெப்பநிலை. 1 டிகிரி தவறினால் பத்து லட்சத்தில் ஏறத்தாழ ஒரு பங்கு பிழை, அதாவது 600 மீட்டருக்கு 0.6 மில்லிமீட்டர். பாதி பாதை செம்பனை நிழலில், மீதி வெயிலில். வெப்பமானியை எங்கே வைப்பீர்கள்?

அளவுப் பிழையை (தூரம் கூடக்கூட அதே விகிதத்தில் வளரும் பிழை) கண்டறியத் தூரங்களை முதலில் உயர்துல்லியக் கருவியால் அளக்க வேண்டும். பினாங்கில் அதை வாடகைக்குத் தருபவர்கள் தெரிந்தால் சொல்லுங்கள்.