தவில் லூப் ட்ரம் மெஷினோடு சேர்ந்து நிற்கவில்லை. சாம்ப்ளர் வாங்கினால் தீருமா?

உப்புவெளி_தாளம்:
வணக்கம், திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். கையில் இருப்பது இரண்டாம் கையாக வாங்கிய கோர்க் வொல்கா பீட்ஸ் என்ற சின்ன ட்ரம் மெஷின், ஒரு லப்டொப், ஒரு சின்ன மிக்ஸர். என் மச்சான் கோயில்களில் தவில் வாசிப்பவன். போன மாதம் அவனை வீட்டு விறாந்தையில் இருத்தி, மிஸ்ர சாப்பு (ஏழு அட்சரம், அதாவது ஏழு எண்ணிக்கை கொண்ட தாளம்) வாசிக்கச் சொல்லிப் போனில் பதிந்தேன். நல்லதாக நாலு சுற்றை வெட்டி லப்டொப்பில் திரும்பத் திரும்ப ஓடும் லூப் ஆக்கினேன். வொல்காவில் ஒரு சுற்றுக்கு உள்ள 16 ஸ்டெப்பில் (அடி வைக்கும் கட்டங்களில்) கடைசி இரண்டை அணைத்து 14 ஆக்கி, கிக்கும் ஹைஹட்டும் போட்டேன். இரண்டிலும் வேகம் 120 பிபிஎம் (நிமிடத்துக்கு 120 அடி).

தொடக்கத்தில் அருமையாக இருக்கிறது. ஒரு நிமிடம் தாண்டியதும் தவில் முந்துகிறது, பிறகு இரண்டும் சண்டைதான். இன்னொன்று, லப்டொப் சார்ஜரைச் செருகினால் மிக்ஸரில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல்.

வொல்காவை விற்றுவிட்டு ரோலண்ட் எஸ்பி-404 எம்கே2 சாம்ப்ளர் (சத்தத்தைப் பதிந்து திரும்ப வாசிக்கும் மெஷின்) வாங்கலாமா, அல்லது டிஆர்-6எஸ் மாதிரி நல்ல ட்ரம் மெஷினாகப் பார்க்கலாமா? காசு ஒன்றுக்குத்தான் காணும்.

குருமணல்:
தம்பி, வாங்குகிற கதை பிறகு. அந்த லூப்பின் நீளம் எத்தனை செக்கன்? 120இல் ஓர் அடிக்கு நாலு ஸ்டெப், ஆகவே ஒரு ஸ்டெப் 125 மில்லிசெக்கன். 14 ஸ்டெப் 1.75 செக்கன். நாலு சுற்று சரியாக 7 செக்கன் வரவேண்டும்.

உப்புவெளி_தாளம்:
6.99 காட்டுகிறது அண்ணா. 10 மில்லிசெக்கன்தானே?

குருமணல்:
அந்தப் பத்துத்தான். ஒவ்வொரு லூப்புக்கும் பத்துப் பத்தாகக் கூடி, பன்னிரண்டாவது முறை 120 ஆகிவிடும், கிட்டத்தட்ட ஒரு ஸ்டெப். எண்பது செக்கனில் ஆள் ஒரு ஸ்டெப் முன்னால் நிற்பார். இதற்கு மேல், லப்டொப்பும் வொல்காவும் தனித்தனி மணிக்கூடு. இரண்டிலும் 120 என்று எழுதியிருப்பதால் இரண்டும் ஒன்றாக ஓடும் என்றில்லை.

இரண்டு வேலை செய்யுங்கள். நாலு சுற்றையும் ஒரே துண்டாக ஓட்டாமல், ஒவ்வொரு சுற்றின் முதல் அடியிலும் வெட்டி நாலு துண்டாக்கி, ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் வையுங்கள். உங்கள் மச்சான் சுற்றுக்குள் கொஞ்சம் முன்பின் போவது அப்படியே இருக்கும், அது இருக்கத்தான் வேண்டும். ஆனால் பிழை அடுத்த சுற்றுக்குக் காவப்படாது. துண்டு சற்றுக் குட்டையானால் கடைசி அடியின் வாலில் ஒரு சிறு இடைவெளி வரும், காதில் படாது.

இரண்டாவது, வொல்காவின் சிங்க் இன் துளை. வெளியிலிருந்து வரும் துடிப்புக்கு வொல்காவை நடக்கவைப்பது அதுதான். லப்டொப்பின் இடது பக்கத்தில் வெறும் "டிக்" துடிப்பு மட்டும் வரும் ட்ராக், வலது பக்கத்தில் தவில். இரண்டாகப் பிரிக்கும் கேபிள் ஒன்று போதும். இடது வொல்காவுக்கு, வலது மிக்ஸருக்கு. இடது சத்தத்தை உச்சத்தில் வையுங்கள், குறைந்தால் வொல்கா கவனிக்காது.

கல்லடிப்பாலம்:
இரைச்சலுக்கு: சார்ஜரைக் கழற்றினால் போகிறது என்றால் அது நிலக்கம்பிச் சுற்று (கிரவுண்ட் லூப், எர்த் கம்பிகள் வழியாகக் கரண்ட் சுற்றுவது), மெஷினில் பிழை இல்லை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதுதான் அந்த "ம்ம்ம்". பதியும்போது லப்டொப்பைப் பற்றரியில் ஓட்டுங்கள். வொல்காவுக்கு ஆறு டபுள் ஏ போட்டால் இன்னும் நல்லது.

மயிலை_லூப்:
சென்னையிலிருந்து. நேராக எம்பிசி ஒன் சாம்ப்ளர் வாங்கிடுங்க. 1988இல் ரோஜர் லின் வடிவமைத்த எம்பிசி60 வழி வந்த பேட்கள், விரலால் தட்டும்போது தவில்காரருக்கே பிடிக்கும். லப்டொப்பே வேண்டாம்.

கல்லடிப்பாலம்:
அண்ணா, எம்பிசி ஒன்னுக்குள் பற்றரி கிடையாது. இங்கே கரண்ட் போகும் நாளில் அது ஒரு பலகை. எஸ்பி-404 எம்கே2 ஆறு டபுள் ஏயிலும் ஓடும், யூஎஸ்பி-சி வழியாகப் பவர்பேங்கிலும் ஓடும். டிஆர்-6எஸ்ஸுக்கு நாலு போதும்.

குருமணல்:
விற்பது பற்றி என் எண்ணம். ட்ரம் மெஷின் என்பது அடியை ஒழுங்குபடுத்துகிற சாமான், சாம்ப்ளர் என்பது கேட்டதை வைத்திருக்கிற சாமான். இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு எப்போதுமே மங்கல்தான். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 ட்ரம் மெஷின் எல்லாச் சத்தத்தையும் மின்சுற்றிலேயே உண்டாக்கியது, அதே ஆண்டு வந்த லின் எல்எம்-1 பதிந்த ட்ரம் சத்தங்களை வைத்திருந்தது. 1983இன் டிஆர்-909இல் கிக் மின்சுற்று, ஹைஹட் பதிவு. டிஆர்-6எஸ்ஸிலும் உங்கள் வேவ் கோப்பை எஸ்டி கார்ட்டில் கொண்டுபோய்ப் போடலாம். ஆனால் மைக்கைச் செருகி அதிலேயே பதிய முடியாது. உங்களுக்கு வேண்டியது அப்படிப் பதிவதுதான் என்று நினைக்கிறேன்.

வாங்கினால் 404. 16 ஜிபி உள்ளே, ஒரே நேரத்தில் 32 சத்தம் வரை ஒலிக்கும். ஆனால் வொல்காவை விற்க வேண்டாம். விற்ற காசு பெரிதாக வராது, அந்த கிக் திரும்பவும் வராது.

அப்புறம், தவிலைப் போனில் எவ்வளவு கிட்ட வைத்துப் பதிந்தீர்கள்? வலந்தலையில் (வலப்பக்கத் தோலில்) விரற்கூடு (விரலில் மாட்டும் கூடு) படும் அடி உடைந்துவிடும்.

உப்புவெளி_தாளம்:
இரண்டு அடி தூரம். உடைந்துதான் இருக்கிறது. போதாததற்குக் கச்சான் காற்று வேறு.

சரி, சொன்னபடி செய்தேன். வெட்டினேன், துடிப்பு ட்ராக் போட்டேன், ஆனால் இப்போது வொல்கா பேய் பிடித்தது போல் ஓடுகிறது. தவில் ஒரு சுற்று முடிப்பதற்குள் அது இரண்டு சுற்று.

குருமணல்:
ஒவ்வொரு ஸ்டெப்புக்கும் ஒரு துடிப்பு போட்டிருப்பீர்கள். வொல்கா ஒரு துடிப்புக்கு இரண்டு ஸ்டெப் நகரும். உங்கள் கணக்கில் ஒரு சுற்றுக்கு 14 வேண்டாம், 7. மிஸ்ர சாப்பின் ஓர் அட்சரத்துக்கு ஒன்று, பாருங்கள் எவ்வளவு வசதி.

உப்புவெளி_தாளம்:
ஏழாக்கினேன். இருபது நிமிடம் ஓடவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தும் கேட்டேன். அசையவில்லை. சார்ஜரைக் கழற்றியதும் இரைச்சலும் போய்விட்டது.

வொல்காவை விற்கவில்லை. 404க்குக் காசு சேர்க்கிறேன். மச்சான் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வருகிறான், இந்தமுறை உள் அறையில், ஆறடி தள்ளி. காதில் க்ளிக் போட்டு வாசிக்கக் கேட்டேன். "கோயிலில் நாதஸ்வரத்துக்குத்தான் வாசிப்பேன், டிக் டிக்குக்கு இல்லை" என்கிறான். க்ளிக் இல்லாமலே பதிந்து வெட்டலாம்தானே?

குருமணல்:
தாராளமாக. முதல் அடிகளை மட்டும் பார்த்து வெட்டுங்கள். தொப்பிப் பக்கத்துக்கு (குச்சியால் அடிக்கும் இடப்பக்கம்) இன்னொரு போனை வையுங்கள், குச்சி அடி முழுதாக விழும். இரண்டு போனும் ஓடத் தொடங்கியதும் ஒருமுறை கை தட்டச் சொல்லுங்கள், பிறகு சேர்க்க லேசு.