அலுமினியத் தாளில் விழுந்த ஓட்டை கார்ப்பரேட்டரில் விழாதா?

புதுவயல் பட்டறை:
நேற்று ஒரு தம்பி இங்கே படம் போட்டிருந்தார். சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளை, தண்ணீர்த் தொட்டியில் அதிர்வால் அழுக்கு எடுக்கும் அல்ட்ராசோனிக் மெஷினில் ஒரு நிமிடம் பிடித்தாராம், சல்லடை மாதிரி ஓட்டை விழுந்துவிட்டதாம். "மெஷின் அருமையாக வேலை செய்கிறது, இனி கார்ப்பரேட்டருக்குப் பட்டறை தேவையில்லை" என்று கீழே எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. 31 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வண்டிக்குப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற கார்ப்பரேட்டரும் அலுமினியம்தானே? தாளில் ஓட்டை போடுகிற மெஷின் அதில் போடாதா? இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

கானாடுகாத்தான் ஆர்எக்ஸ்:
படம் போட்டது நான்தான் அண்ணே. அந்தத் தாளின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூட வராது. கார்ப்பரேட்டர் பாடி அதைப் போல எத்தனையோ மடங்கு தடிமன். தொட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வில்லை விநாடிக்கு 40,000 தடவை அதிர்கிறது. அதனால் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் உண்டாகி உடனே உடைகின்றன. ஒவ்வொன்றும் உடையும்போது பக்கத்தில் இருப்பதன் மேல் ஒரு சின்ன அடி விழும். அந்த அடிதான் அழுக்கைப் பெயர்க்கிறது. தாள் மெலிசு, அதனால் கிழிகிறது. எந்த இடத்தில் ஓட்டை விழவில்லையோ அந்த இடத்தில் மெஷின் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான் தாளைப் பிடிப்பது.

என் வண்டி 1994 மாடல் ஆர்எக்ஸ் 100. ஐந்து வருடம் வீட்டுப் பின்கட்டில் சும்மா நின்றது. கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் பித்தளைத் துண்டுதான் ஜெட். அதில் சின்னதான பைலட் ஜெட்டின் துவாரம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதற்குள் பெட்ரோல் காய்ந்து பிசினாகப் பிடித்திருந்தால் எந்த பிரஷ் உள்ளே போகும்? கார்ப்பரேட்டரை மெஷினில் 60 டிகிரி சூட்டில் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு தடவை போட்டேன். இப்போது சோக் இல்லாமல் ஐட்லிங் நிற்கிறது.

புதுவயல் பட்டறை:
கனம் எவ்வளவு என்று நான் கேட்டேனா? ஓட்டை விழுந்ததா இல்லையா?

தேவகோட்டை புல்லட்:
அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நானும் ஒன்று வாங்கி ஏமாந்தேன். கண்ணாடி, நகை கழுவுகிற சின்ன சைஸ். கிரீஸ் அப்பியிருந்த செயின் பல்சக்கரத்தைப் போட்டேன். தண்ணீர் கறுத்ததே தவிர கிரீஸ் அசையவில்லை. வேகம் பத்தவில்லை என்று ஆச்சி துணிக்குப் போடும் சலவைச் சோடாவை இரண்டு கரண்டி போட்டு, கார்ப்பரேட்டரின் அடியில் பெட்ரோல் தங்கும் கிண்ணத்தை இறக்கினேன். எடுத்தால் கிண்ணம் கன்னங்கரேல். இதுதான் உங்கள் மெஷின்.

கானாடுகாத்தான் ஆர்எக்ஸ்:
கறுத்தது சோடாவால். காரம் அலுமினியத்தை அரிக்கும், சூடாக இருந்தால் இன்னும் சீக்கிரம் அரிக்கும். பித்தளை விளக்கு தேய்க்கிற புளியும் எலுமிச்சையும்கூட ஆகாது. சில கார்ப்பரேட்டர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, அவற்றைப் புளிப்பு தின்றுவிடும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கொஞ்சம் போதும்.

அப்புறம் கிரீஸ். கட்டிக் கிரீஸில் குமிழியின் அடி அமுங்கிப் போய்விடும். முதலில் சுரண்டி எடுத்து, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் தொட்டியில் இறக்க வேண்டும். சந்து பொந்தில் மிச்சம் இருப்பதை எடுக்கத்தான் மெஷின். நீங்கள் செய்யாத வேலைக்கு மெஷினைக் குற்றம் சொன்னால் எப்படி?

பள்ளத்தூர் எக்ஸெல்:
ஒரு சந்தேகம். பிசினைக் கரைப்பது பெட்ரோல்தானே, அதையே தொட்டியில் ஊற்றினால் என்ன?

கானாடுகாத்தான் ஆர்எக்ஸ்:
தயவுசெய்து செய்யாதீர்கள். கீழே ஹீட்டரும் மின்சாரமும் இருக்கிற தொட்டி அது. பெட்ரோல் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். தின்னரும் கூடாது. பாட்டிலில் பெட்ரோலை ஊற்றித் தொட்டித் தண்ணீரில் வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். இந்த ஒரு விஷயத்தில் விளையாட்டே கூடாது.

புதுவயல் பட்டறை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பட்டறையில் திறந்த வெளியில் வைத்து, பெட்ரோலில் ஊறப்போட்டு, பிரஷ் போட்டு, கம்ப்ரஸர் காற்று அடித்தால் முடிந்தது. ஓட்டை விழாது.

கல்லுக்கட்டி ஸ்பேர்ஸ்:
காரைக்குடியில் இருந்துகொண்டு அரிப்பைப் பற்றி இப்படிப் பேசுவது வருத்தமாக இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953இல் சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை இங்கே திறந்தார்கள். உலோகம் ஏன் அரிக்கிறது என்று அங்கே இத்தனை வருடமாக ஆராய்கிறார்கள். என் மாமா அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குமிழி உடைகிற அடி லேசானதில்லை, கப்பல் புரொப்பெல்லரையே அது தின்னும் என்கிறார். பாகத்தைத் தொட்டியின் அடியில் படும்படி வைத்தால் அடித்தகடே நாளடைவில் புள்ளி விழுந்து கெடும். கூடையில் வைத்துத்தான் இறக்க வேண்டும்.

புதுவயல் பட்டறை:
கேட்டீர்களா! கப்பல் காத்தாடியையே தின்கிறதாம். என் கேள்வி அதேதான்.

கானாடுகாத்தான் ஆர்எக்ஸ்:
கப்பல் காத்தாடி மாதக்கணக்கில் சுற்றுகிறது. நான் போட்டது மொத்தம் இருபது நிமிடம். பளபளவென்று பாலிஷ் செய்த அலுமினியத்தை ரொம்ப நேரம் போட்டால் பளபளப்பு மங்கும், ஒப்புக்கொள்கிறேன். ஓட்டை விழாது.

புதுவயல் பட்டறை:
விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். போன மாதம் ஒருவர் இதே மாதிரி மெஷினில் போட்டு எடுத்த கிண்ணத்தைக் கொண்டு வந்தார். உள்ளே குழி குழியாக இருந்தது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கானாடுகாத்தான் ஆர்எக்ஸ்:
மெஷினில் போடும் முன் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தீர்களா? எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வண்டி நிற்க நிற்க அந்தத் தண்ணீர் கிண்ணத்தின் அடியில் தங்கி உலோகத்தை அரித்து, வெள்ளைத் தூளாகப் படியும். குழி அந்தத் தூளுக்கு அடியில் முன்பே இருந்திருக்கும். மெஷின் தூளை எடுத்தது, குழி வெளியே தெரிந்தது. நிறுத்தி வைக்கிற வண்டியில் கிண்ணத்தைக் காலி செய்து வைத்தால் இந்தப் பேச்சே இல்லை.

காற்றடித்தால் போதும் என்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் ஒரு பட்டறையில் என் ஜெட்டை ஊக்கால் குத்தினார்கள். பித்தளை மெத்தென்றது, இரும்பு குத்தினால் துவாரம் பெரிதாகும். அப்புறம் பெட்ரோல் அதிகமாகப் போய்ப் பிளக் கறுத்துக்கொண்டே இருந்தது, மைலேஜ் விழுந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் மெஷினே வாங்கினேன்.

புதுவயல் பட்டறை:
எந்தப் பட்டறை? பெயரைச் சொல்லாமல் எல்லோர் தலையிலும் போடாதீர்கள். என் கை ஒரு நாளும் ஊக்கைத் தொட்டதில்லை. ஒயரில் இருந்து ஒற்றைக் காப்பர் இழையை உருவித்தான் விடுவேன். அதைக் கற்றுக் கொடுத்தவர் எனக்குத் தெய்வம்.

கானாடுகாத்தான் ஆர்எக்ஸ்:
உங்களைச் சொல்லவில்லை அண்ணே. காப்பர் இழை நேராக இருக்கும் துவாரத்துக்குச் சரி. பாடிக்குள் வளைந்து போகிற பாதைக்கு என்ன செய்வீர்கள்? அதற்குத்தான் குமிழி. ரப்பர் ஓ-ரிங், ஃப்ளோட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, முதலில் வெறும் திரவத்தோடு மெஷினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, திரவத்தில் கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றி, அப்புறம் போட வேண்டும். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசிக் காற்றடிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் என்றால் ஜெட்டுக்குள் வெள்ளை படியும், காரைக்குடிச் சம்பை ஊற்றின் நல்ல தண்ணீர் கிடைக்கிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

தேவகோட்டை புல்லட்:
இத்தனை சடங்கு செய்வதற்குப் பட்டறையில் கொடுத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.

கானாடுகாத்தான் ஆர்எக்ஸ்:
சடங்கு இல்லை, வேலை. செய்யாதவர்களுக்குத்தான் கிண்ணம் கறுக்கும்.

தேவகோட்டை புல்லட்:
என் கிண்ணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், போன பொங்கலுக்கு என்னிடம் வாங்கிப் போன, என்ஜினில் மேக்னெட்டைக் கழற்றும் புல்லரைத் திருப்பிக் கொடுங்கள்.

கானாடுகாத்தான் ஆர்எக்ஸ்:
அதைக் கல்லுக்கட்டிக் கடையில் அன்றைக்கே கொடுத்தேன். கடைக்காரரைக் கேளுங்கள்.

கல்லுக்கட்டி ஸ்பேர்ஸ்:
என்னிடம் கொடுத்தது ஸ்கூட்டர் புல்லர். ஆர்எக்ஸ் புல்லர் இல்லை.

புதுவயல் பட்டறை:
புல்லர் இருக்கட்டும். தாளில் ஓட்டை விழுந்தது. அதை யாரும் மறுக்கவில்லை, கவனியுங்கள்.

தேவகோட்டை புல்லட்:
ஸ்கூட்டர் புல்லர் யாருடையது? என்னிடம் அது கிடையாதே.